டிபன் கேரியரில் போன வால்வு

வலியசாலைத் தெருவில் ஸ்ரீகண்டனைவிடப் பயந்த மனிதர் ஒருவர் இருந்திருந்தால், அது அவருடைய அப்பாவாகத்தான் இருக்க முடியும். அந்த மனிதர் இடிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்து, அங்கே தேள் கொட்டிப் போய்ச் சேர்ந்தவர். கட்டிலுக்கு மேலே மட்டும் பயந்தால் போதாது, அடியிலும் பயப்பட வேண்டும் என்பதுதான் மகன் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம்.

ஸ்ரீகண்டன் திருவனந்தபுரத்தில் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. சூப்பரின்டெண்ட் தும்மினால் இவர் எழுந்து நிற்பார். வேலையில் சேர்ந்த நாள் முதல் ஒரு நாள் லீவு எடுத்தது கிடையாது. கடமை உணர்ச்சி என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. தான் போகாவிட்டாலும் ஆபீஸ் நடக்கும் என்பது யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற பயம்தான்.

இப்படிப்பட்டவர் ரேடியோ வாங்கினார் என்றால் தெருவே மூக்கில் விரல் வைக்காதா? அதுவும் தைரியத்தால் நடந்ததில்லை. போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் இருந்த துரை ஒருவர் சண்டைக்குப் போக மூட்டை கட்டும்போது சாமான்களை விற்றார். நடுவில் நின்று விற்றுக்கொடுத்தவர் சூப்பரின்டெண்ட். “ரேடியோவை நீர் எடுத்துக்கொள்ளுமேன், ஸ்ரீகண்டன்” என்று அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். இல்லை என்று சொல்ல ஸ்ரீகண்டனுக்கு வாய் வரவில்லை. தேயிலைப் பெட்டிகளோடு பெட்டியாக லாரியில் இறங்கி வந்த ரேடியோ, கூடத்தில் ஒரு போர்வைக்குள் மாசக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் போகும்போது ஸ்ரீகண்டன் சுவரோடு ஒட்டிக்கொண்டு போவார்.

கடைசியில் அவர் மனைவி நாகலக்ஷ்மிதான் பாளையத்தில் ரேடியோ கடை வைத்திருந்த வேதமாணிக்கத்துக்குச் சொல்லி அனுப்பினாள். மார்த்தாண்டம் பக்கத்துக்காரன். சர்ச்சில் பிரசங்கம் செய்ய ஆசைப்பட்டு, யாரும் விடாததால் அந்தப் பிரசங்கத்தையெல்லாம் ரேடியோ வைத்திருப்பவர்களிடம் செய்துகொண்டிருந்தான். செட்டின் முதுகைத் திறந்து, வரிசையாக நின்ற கண்ணாடிக் குமிழ்களைக் காட்டி ஆரம்பித்தான்.

“சாமி, இதுக்குப் பேரு வால்வு. உயிரு இதுலதான் கெடக்கு. என்னைக்காவது களத்தணும்னா மொதல்ல ஸ்விட்ச அணைக்கணும். பொறவு பிளக்கப் பிடுங்கணும். பிடுங்கியாச்சேன்னு ஒடனே கைய விடப்பிடாது. உள்ள கொஞ்சம் கரண்டு தங்கும். விருந்துக்கு வந்தவன், போறேன் போறேன்னு சொல்லீட்டு வாசல்ல நின்னு பேசுவாம்லா, அது மாதிரி.”

“எத்தனை நேரம் நிக்கும்?” என்றார் ஸ்ரீகண்டன். அவருக்கு இப்போதே வேர்த்திருந்தது.

“வெத்தில போட்டு மென்னு துப்புங்க. அதுக்குள்ள கரண்டும் போவும், கண்ணாடியும் ஆறும். பொறவு இடது கைய முதுகுக்குப் பொறத்தால வச்சுக்கிடணும். ஒத்தக் கைதான் உள்ள போகணும். ரெண்டு கையும் போச்சுன்னா கரண்டு ஒரு கையில ஏறி நெஞ்சு வழியா மறு கையில எறங்கும். ஆளு நேராட்டு மேல போவாரு. கண்ணாடியப் பிடிச்சு இழுக்கப்பிடாது. அடியில கறுப்பா ஒரு கட்டை இருக்குல்லா, அதப் பிடிச்சு நேராட்டுத் தூக்கணும். திருகப்பிடாது. சூட்டோட ஈரம் படவே பிடாது, கேட்டேளா?”

வேறு யாராவது என்றால் இதைக் கேட்டு ரேடியோவைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஸ்ரீகண்டனுக்கோ மனசு குளிர்ந்துவிட்டது. அதுவரை பொத்தாம் பொதுவாகப் பயந்துகொண்டிருந்தவருக்கு, முதல் முறையாக வரிசைப்படி பயப்பட ஒரு வழி கிடைத்தது. வேதமாணிக்கம் போன பிறகு அவர் அதை மனப்பாடம் செய்தார். மரப் பாதுகை போட்டுக்கொண்டால் கரண்டு காலில் இறங்காது என்று தன் பங்குக்கு ஒன்றும் சேர்த்துக்கொண்டார்.

ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்தது அதற்குப் பிறகு.

நாகலக்ஷ்மிக்கு ஒரே தம்பி, ராமசுப்ரமணியன். மணி என்று கூப்பிடுவாள். அவன் தவழும்போதே அம்மா போய்விட்டதால் இவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி வலியசாலைக்கு வரும்போது சீரோடு சீராக அவனும் வந்தான். ஸ்ரீகண்டனைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆண்பிள்ளை அந்த வீட்டில் அவன்தான். “அத்திம்பேர், பின்னாலே பல்லி” என்பான். அத்திம்பேர் துள்ளுவார். அப்படிப்பட்டவன் மலாயாவில் சிரம்பான் பக்கம் ரப்பர் எஸ்டேட் கிளார்க்காகப் போனான். மாதம் தவறாமல் கடிதம் வந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் உள்ளே நுழைந்ததும் அது நின்றது.

நாகலக்ஷ்மி சமைத்தாள், பெருக்கினாள், கோயிலுக்குப் பூத்தொடுத்தாள். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. இதைப் பார்க்கப் பொறுக்காமல் ஸ்ரீகண்டன் ஒரு நாள், “ஆபீசிலே ஒருத்தருக்குத் தகவல் வந்திருக்கு. சிரம்பான் பக்கம் உள்ளவா எல்லாரும் சௌக்கியமாக்கும்” என்று சொன்னார். அவள் அன்று இரண்டு கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள். மறுநாள் அந்த ஒருத்தர் யார் என்று கேட்டாள். ஸ்ரீகண்டன் ஒரு பெயர் சொன்னார். அந்த மனிதர் போன வருஷமே செத்துப்போனவர். அவருடைய சாவு வீட்டுக்கு நாகலக்ஷ்மியே போய்வந்திருக்கிறாள். அதன் பிறகு மணியைப் பற்றி அவர் வாயைத் திறந்தாலே அவள் எழுந்து போய்விடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் அவள் ஒரு செய்தியோடு வந்தாள். “ஏன்னா, ஸ்ரீவராகத்து சுப்புலக்ஷ்மி சொன்னா. சிங்கப்பூர் ரேடியோவிலே மத்தியானம் மத்தியானம் தமிழிலே பேர் வாசிக்கறாளாம். அங்கே அகப்பட்டவா எல்லாம் ஆத்துக்குச் சேதி சொல்லறாளாம். அவ நாத்தனார் பிள்ளை பேர் வந்துதாம். நம்ம மணி பேரும் வரும்.”

ஸ்ரீகண்டன் வாசல் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். “மெதுவாப் பேசு. அது சத்ரு ஸ்டேஷனாக்கும். கேட்டா ஜோலி போகும், பின்னே ஜெயில். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாராக்கும் தாமசம்? பகவதிப்பெருமாள். ஹெட் கான்ஸ்டபிள்!”

“இருக்கட்டும். நான் காதை ஒட்டவச்சுண்டு கேக்கறேன்.”

“வேண்டா.”

“கேப்பேன்.”

அவள் கேட்பேன் என்றால் கேட்பாள். இருபது வருஷமாக அவளோடு குடித்தனம் செய்தவருக்கு அது தெரியாதா? பூட்டுப் போட ரேடியோவில் வழியில்லை. வயரை ஒளித்தால் வேறு வயர் வாங்கிவிடுவாள். இரவெல்லாம் யோசித்து, மறுநாள் காலையில் குளித்து ஜபம் முடித்துவிட்டு, ஸ்ரீகண்டன் மரப் பாதுகையில் ஏறினார். செட்டை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினார். வெற்றிலை போட்டார். துப்பினார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டினார். கறுப்புக் கட்டையைப் பிடித்துக் கோடியில் நின்ற வால்வை நேராக மேலே தூக்கினார். அதைப் பஞ்சில் சுற்றி, டிபன் கேரியரின் மேல்தட்டில் வைத்து ஆபீசுக்கு எடுத்துப் போய்விட்டார். கீழ்த்தட்டில் தயிர்சாதம், மேல்தட்டில் வால்வு. சாயங்காலம் திரும்பி வந்து செருகினால் திருச்சிராப்பள்ளி கேட்கும், சங்கீதம் கேட்கும். சிங்கப்பூர் மத்தியானத்தோடு முடிந்து போயிருக்கும்.

இது தினசரி நடந்தது. உலகத்திலேயே பெண்டாட்டிக்குப் பயந்து ரேடியோவின் உயிரைத் தயிர்சாதத்தின் தலையில் வைத்துக்கொண்டு நடந்த மனிதர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வால்வுக்கு ஒரு கீறல் விழவில்லை. அத்தனை பதவிசாகக் கழற்றுவார்.

நாகலக்ஷ்மி பாளையத்துக்குப் போய் வேதமாணிக்கத்தைப் பிடித்தாள். அவன் கையை விரித்தான். சண்டைக் காலத்தில் வால்வுக்கு எங்கே போவது? மதராசிலேயே கிடையாது. “இந்த நம்பர் வால்வு இப்ப உங்க செட்ல ஒண்ணு, உங்க தெருக்கோடிக் கோயில் மைக் செட்ல ஒண்ணு. வேற எங்கயும் நான் பாக்கல்ல அம்மா” என்றான். தெரிந்ததைச் சொல்வதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். அதனால் யார் என்ன செய்வார்கள் என்று யோசிக்கிற வழக்கம் இல்லை.

கோயிலில் அந்தச் சமயம் ஒரு பாகவதர் புராணம் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. மைக் வந்த பிறகு பாகவதருக்குக் கதை நீண்டுவிட்டது. முன்பெல்லாம் தொண்டை வலித்தால் ராட்சசனைக் கொன்றுவிடுவார். இப்போது ராட்சசன் ஒரு வாரம் உயிரோடு இருந்தான். தெருவில் ஒருவருக்கும் தப்ப வழியில்லை.

ஒரு நாள் சாயங்காலம் ஸ்ரீகண்டன் ஆபீசிலிருந்து வரும்போது தெரு நிம்மதியாக இருந்தது. தூரத்தில் பாகவதர் வெறும் தொண்டையில் கத்துவது கொசு சத்தம் போலக் கேட்டது. மைக் போய்விட்டதாம். தெருவில் எல்லார் முகமும் தெளிவாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்தால், கேட்காமலே காப்பி வந்தது. அதுவும் நல்ல காப்பி. ஸ்ரீகண்டன் டம்ளரைத் தொடாமல் அவளைப் பார்த்தார்.

“நானாக்கும் எடுத்தேன்” என்றாள் நாகலக்ஷ்மி.

“எதை?”

“கோயில் வால்வை. காலம்பறக் கதை முடிஞ்சதும் எல்லாரும் பிரசாதத்துக்குப் போனா. நான் பூக்கூடையோட போனேன். நம்ம செட்டிலே உள்ள அதே மாதிரிதான் நின்னுது. தொட்டேன், கொதிச்சுது. கொதிக்கற பாத்திரத்தைத் துணியாலே பிடிக்க மாட்டோமா, அப்படிப் பிடிச்சேன்.”

“எந்தத் துணியாலே?”

“மடிப்புடவைத் தலைப்பாலே. கோயிலுக்கு ஈரமாத்தானே உடுத்திண்டு போவேன்?”

ஸ்ரீகண்டன் கண்ணை மூடிக்கொண்டார். சூட்டோடு ஈரம் படவே கூடாது என்று வேதமாணிக்கம் சொன்னது கணவனிடம், மனைவியிடம் அல்ல. சுத்தம், ஆசாரம், ஈர மடி எல்லாம் சேர்ந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். கண்ணாடியில் மயிரிழைக் கீறல். உள்ளே மேல்பக்கம் வெள்ளி போல மின்னிக்கொண்டிருந்த பூச்சு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் போல வெளுத்துவிட்டது. அதைத் திரும்ப அந்தக் குழியிலேயே செருகிவிட்டு வந்துவிட்டாளாம்.

“சிவன் சொத்து குலநாசம்டீ!” என்றார் ஸ்ரீகண்டன். 

“நமக்குக் குலம்னு மிச்சம் இருக்கறது மணி ஒருத்தன்தான். அவன் இருக்கானா இல்லையான்னுதான் பாக்கப் போனேன்” என்றாள் நாகலக்ஷ்மி.

மறுநாள் விடியும்போதே கோயில் மானேஜர் சிவதாணு பிள்ளை நாலு பேரோடு வாசலில் நின்றார். ஸ்ரீகண்டன் ஜெயிலுக்குத் துண்டு எடுத்து வைக்கலாமா என்று யோசித்தார். வந்தவர்கள் முகத்தில் கோபம் இல்லை.

“சாமி, மைக்கு படுத்துட்டு. வேதமாணிக்கத்தக் கூட்டியாந்தேன். அவன் உள்ள வரப்பிடாது. செட்ட வெளியத் தூக்கியாந்து அவன் தொட்டாம்னா, திரும்பிக் கொண்டுபோகப் புண்யாகம் செய்யணும்னு பூசை பண்ணுத போத்தி சொல்லுதாரு. அந்தத் தண்ணியத் தெளிச்சா செட்டு சீவனோட இருக்குமான்னு வேதமாணிக்கம் கேக்கான். வாசல்ல நின்னே சொன்னான், ஒரு வால்வு மாத்துனா போரும், அதே நம்பர் சாமி வீட்ல உண்டு, களத்தி மாட்டவும் சாமிக்குத்தான் தெரியும்னு. ஈசுவரன் காரியம். இல்லேன்னு சொல்லப்பிடாது.”

இல்லை என்று சொல்லத் தெரிந்திருந்தால் ஸ்ரீகண்டன் ரேடியோவே வாங்கியிருக்க மாட்டார். அதுவும் உள்ளே குற்றவாளி காப்பி போட்டுக்கொண்டிருக்கிற வீடு. முந்தின சாயங்காலம் செருக மறந்த வால்வு கேரியரில் தயாராகப் பஞ்சுக்குள் இருந்தது. எடுத்துக்கொண்டு அவர்களோடு போய்ச் செருகிவிட்டு வந்தார். செட்டு இருந்த அறைக்குச் சாவியும் அவரிடமே தந்துவிட்டார்கள். காலைக் கதைக்கு லவுட்ஸ்பீக்கர் முழங்கிற்று. செத்துக் கிடந்த ராட்சசன் மறுபடி எழுந்தான்.

திரும்பி வந்தபோது நாகலக்ஷ்மி கூடத்தில், ரேடியோவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழுது அவர் பார்த்ததில்லை. “வால்வையா குடுத்தேள்? என் தம்பியை எடுத்துக் குடுத்துட்டு வந்திருக்கேளே” என்றாள். அவருக்கு நெஞ்சில் எங்கேயோ கரண்டு பாய்ந்தது. வெற்றிலை போட்டாலும் அது ஆறாது என்று தெரிந்தது.

பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் பழைய நாகலக்ஷ்மி. “காலம்பறக் கதை முடிஞ்சா சாயரக்ஷைக் கதை வரைக்கும் அந்த வால்வு கோயிலிலே சும்மாத்தானே இருக்கு? சாவி நம்ம கையிலேயாக்கும். மத்தியானம் அது இங்கே வரணும். வரல்லேன்னா நான் இப்பவே போய் சிவதாணு பிள்ளை கிட்டே, நானாக்கும் உடைச்சேன்னு சொல்லுவேன்.”

ஒரு பக்கம் சத்ரு ஸ்டேஷன், மறு பக்கம் சிவன் சொத்தை உடைத்தவள் என்று ஊர் சொல்லும் பேர். எதற்கு அதிகம் பயப்படுவது என்று ஸ்ரீகண்டன் நின்றுகொண்டே கணக்குப் பார்த்தார். ஜெயில் ஒரு ஜன்மம், குலத்துக்கு வந்த பேர் ஏழு ஜன்மம். சாவியை அவளிடம் கொடுத்தார். கொடுத்த கையோடு வேதமாணிக்கத்தின் பாடத்தை ஒரு வரி விடாமல் அவளுக்கு ஒப்பித்தார். பிளக்கு, வெற்றிலை, முதுகில் இடது கை, கறுப்புக் கட்டை. உலர்ந்த துணி என்பதை மூன்று தடவை சொன்னார்.

“மடி?” என்றாள்.

“வால்வுக்கு மடி கிடையாது. போகும்போது காய்ஞ்ச புடவை.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆசாரத்தில் ஒரு நூலிழை விடாத மனிதர். காய்ந்த புடவை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

கொதிக்கிற எண்ணெயில் அப்பளம் பொரித்து எடுக்கிற கைக்கு வால்வு ஒரு பொருட்டா? இரண்டாம் நாளே அவள் தேர்ந்துவிட்டாள். பூக்கூடைக்குள் துணி, துணிக்குள் வால்வு. மத்தியானம் வீட்டுக்கு வரும், சாயங்காலம் கோயிலுக்குப் போகும். வீட்டில் அவள் ரேடியோவில் சத்தம் வருகிற முன்பக்கத் துணியில் காதை வைத்துக்கொண்டு, இரைச்சலுக்கு நடுவே வருகிற பெயர்களைக் கேட்டாள். தஞ்சாவூர்க்காரன், மதுரைக்காரன், கொல்லத்துக்காரன் எல்லாம் வந்தான். மணி வரவில்லை. சாயங்காலம் ஆபீசிலிருந்து வருகிறவர் அவள் முகத்தைப் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். கேட்க அவருக்கு வாயும் இல்லை, யோக்கியதையும் இல்லை.

அப்படியே நாட்கள் போயின. ஒரு நாள் காலையில் நாகலக்ஷ்மி சமையலறைக்கு வரவில்லை. கொல்லைப்புறத் தாழ்வாரத்தில், தனிப் பாயில், தனிச் செம்போடு உட்கார்ந்திருந்தாள். தூரம். மூன்று நாளைக்குக் கோயிலும் கிடையாது, கூடமும் கிடையாது, ரேடியோவைத் தொடவும் கூடாது. தெருவில் பெண்கள் இந்த மூன்று நாளை ஓய்வு என்று சந்தோஷப்படுவதுண்டு. இவள் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். இந்த மூன்று நாளில் பெயர் வந்துவிட்டால்? ஒரு தடவை வாசித்த பெயரை மறுபடி வாசிக்கமாட்டார்கள் என்று சுப்புலக்ஷ்மி சொல்லியிருந்தாள்.

ஸ்ரீகண்டன் கேரியரைக் கையில் எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். பிறகு பக்கத்து வீட்டுக் குமாஸ்தாவிடம், “எனக்கு வயிற்றுப்போக்குன்னு சொல்லிடும்” என்றார். சொல்லும்போதே உண்மையாகவே வயிறு கலங்கிற்று. அதனால் பொய் சொன்ன பாவம் இல்லை என்று தேற்றிக்கொண்டார். முதல் லீவு.

கதை முடிந்ததும் கோயிலுக்குப் போய், வெற்றிலை மென்று, முதுகில் கை கட்டி, வால்வைக் கழற்றிக்கொண்டு வந்து செருகினார். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தினார். சத்தத்தை எறும்புக்குக் கேட்காத அளவுக்கு வைத்து, தரையில் உட்கார்ந்து காதைத் துணியில் ஒட்டவைத்தார். நாகலக்ஷ்மி கொல்லையிலிருந்து, “ஆச்சா? வந்துதா?” என்று கேட்டபடி இருந்தாள். அவர் காதை எடுக்கவில்லை. முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வயிற்றுப்போக்கு. அன்றும் வரவில்லை. “இல்லே” என்று போய்ச் சொன்னார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். இல்லை என்பதையும் அவள் நம்பவில்லை என்று தெரிந்தது.

மூன்றாம் நாள் இரைச்சல் அதிகமாக இருந்தது. யாரோ உப்பைப் போட்டு வறுக்கிற சத்தம். அதற்குள்ளே ஒரு தமிழ்க் குரல் வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தது. ஸ்ரீகண்டன் பாதித் தூக்கத்தில் இருந்தார்.

“திருவனந்தபுரம், வலியசாலை...” என்றது குரல்.

ஸ்ரீகண்டன் நிமிர்ந்தார். போய்ச் சொல்லலாம். ஓடிப்போய், வந்துவிட்டது என்று சொல்லலாம். செத்துப்போனவனைச் சாட்சிக்கு இழுத்துச் சமாதானம் சொன்ன வாய் இது. இந்த வாய் சொன்னால் அவள் எப்படி நம்புவாள்? சாகிற வரைக்கும், நிஜமாக வந்ததா, எனக்காகச் சொன்னாரா என்று அவள் மனசு அரித்துக்கொண்டே இருக்காதா? அவள் காதாலேயே கேட்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ஹெட் கான்ஸ்டபிள் இருக்கிறார் என்பது ஞாபகம் வந்தது. ஜோலி ஞாபகம் வந்தது. ஜெயில் ஞாபகம் வந்தது. கை அதற்குள் சத்தம் கூட்டுகிற குமிழைப் பிடித்து, அது எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் திருகிவிட்டது.

வலியசாலைத் தெரு முழுக்கச் சிங்கப்பூர் முழங்கிற்று. “...நாகலக்ஷ்மி அம்மாளுக்குத் தம்பி ராமசுப்ரமணியன் சிரம்பானிலிருந்து தெரிவிப்பது. நான் சௌக்கியமாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடவும். அத்திம்பேரைப் பயப்பட வேண்டாமென்று சொல்லவும்.”

அடுத்தவன் பெயர் வந்தது. ஸ்ரீகண்டன் செட்டை அணைக்கவில்லை. கொல்லைக்கு ஓடினார். நாகலக்ஷ்மி எழுந்து, தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  அவர் அவள் கையைப் பிடித்தார்.

“ஐயோ, தொடாதேங்கோ! நான் தூரமாக்கும்” என்றாள்.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“நீயே கேட்டியோன்னோ? நான் சொல்லல்லேயே?”

“நானே கேட்டேன்” என்று சொல்லிவிட்டு அவள் அவர் தோளிலேயே சாய்ந்து அழுதாள். அவரும் அழுதார். இரண்டு பேரும் எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று இருவருக்குமே தெரியாது. கோயிலில் சாயரக்ஷை மணி அடித்த பிறகுதான் வால்வு ஞாபகம் வந்தது.

கூடத்தில் சிங்கப்பூர் முடிந்து வெறும் இரைச்சல் போய்க்கொண்டிருந்தது. ஸ்ரீகண்டன் ஸ்விட்சை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார் என்று நினைக்கிறேன். பாதுகை போடவில்லை. வெற்றிலை போடவில்லை. இடது கை எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியாது. கொதிக்கிற வால்வை வெறும் விரலால் பிடித்து இழுத்தார். தோல் பொசுங்கிற்று. “அப்பா!” என்று கத்திவிட்டு, அதைக் கீழே போடாமல் அங்கவஸ்திரத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

தெரு முக்கில் பகவதிப்பெருமாள் யூனிபாரத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

“என்ன சாமி, ரேடியோ சத்தம் கொஞ்சம் கூடுதலா இருந்துதே. எந்த ஸ்டேஷன்?”

“சிங்கப்பூர்” என்றார் ஸ்ரீகண்டன். “என் மச்சினன் உயிரோடே இருக்கானாக்கும்.”

ஹெட் கான்ஸ்டபிளுக்கு இப்படி ஒரு பதில் இதற்கு முன் கிடைத்ததில்லை. ரிப்போர்ட் எழுதினால் மச்சினன் உயிரோடு இருப்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தொப்பியைச் சரி செய்துகொண்டார். “எனக்குக் கேட்டது திருச்சியாக்கும்” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்து நடந்தார்.

ஸ்ரீகண்டன் கோயிலுக்குள் போனார். அவர் குளிக்கவில்லை. தூரத்தில் இருந்த மனைவியைக் கட்டிக்கொண்டு அழுத வேஷ்டியை மாற்றவும் இல்லை. போத்தி கண்டிருந்தால் ஆறு மாசத்துக்குச் சாந்தி செய்ய வைத்திருப்பார். அவர் அந்த அறைக்குள் நுழைந்து, கொப்புளம் கிளம்பிய விரலால் வால்வைக் குழியில் செருகினார். செட்டு சூடாகிற வரை நின்று பார்த்தார். சன்னிதியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஜனங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தார்.

பாகவதர் அன்றைக்குத்தான் ராட்சசனைக் கொன்றார். மைக் இவ்வளவு தெளிவாக என்றைக்கும் பேசியதில்லை என்று சிவதாணு பிள்ளை எல்லாரிடமும் சொன்னார். ஈசுவரன் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்ரீகண்டன் வீட்டுக்குப் போய்க் கொல்லைத் தாழ்வாரத்தில், நாகலக்ஷ்மியின் பாய்க்குப் பக்கத்தில் இலை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.